மருந்தை மெல்ல விடும் மாத்திரைகளில் தாவரப் பிசின்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்மசி மாணவர்கள் புராஜெக்ட் சமயத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களும், எஸ்.ஆர். (சஸ்டெயின்ட் ரிலீஸ், அதாவது மருந்தை மெல்ல விடும்) மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்கும் சிலவும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. உதாரணம் பெரும்பாலும் புளியங்கொட்டைப் பிசினும் டைக்ளோஃபினாக் சோடியம் என்ற வலி மருந்தும்தான். கொத்தவரைப் பிசின் என்று வரும் இடமெல்லாம் கடையில் குவார் கம் என்று விற்பதையே குறிக்கிறது.

எஸ்.ஆர். மாத்திரைன்னா என்ன? சாதா மாத்திரைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண மாத்திரை வயிற்றில் சில நிமிடங்களில் உடைந்து மருந்து முழுவதையும் ஒரேயடியாக விட்டுவிடும். ரத்தத்தில் மருந்தின் அளவு சட்டென்று ஏறி, பிறகு இறங்கும். அதனால்தான் மூன்று வேளை, நான்கு வேளை என்று போட வேண்டியிருக்கிறது. எஸ்.ஆர். மாத்திரை அதே மருந்தை 8, 12 அல்லது 24 மணி நேரத்துக்குப் பரப்பி விடுகிறது.

எல்லா மருந்துக்கும் இது தேவைப்படாது. டைக்ளோஃபினாக்கின் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம்தான், அதற்கு இது பொருந்தும். ரத்த அழுத்த மருந்தான ஆம்லோடிபின் உடலிலேயே 30 மணி நேரத்துக்கு மேல் அரை ஆயுள் கொண்டது. அதை எஸ்.ஆர். ஆக்கி ஒரு பயனும் இல்லை. புராஜெக்ட்டுக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பிசின் எப்படி மருந்தைப் பிடிச்சு வைக்குது?

கேழ்வரகு மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி விழும். அந்தக் கட்டியை உடைத்துப் பார்த்தால் வெளியே வெந்து வழவழவென்றிருக்கும், உள்ளே காய்ந்த மாவு அப்படியே இருக்கும். வெளிப்பக்கம் நீரை உறிஞ்சி உப்பியதும் அதுவே உள்ளே நீர் போகாமல் அடைத்துவிடுகிறது. சமையலில் அது தவறு. மாத்திரையில் நாம் வேண்டுமென்றே செய்வது அதைத்தான்.

டிசொல்யூஷன் (மாத்திரையை நீர்மத்தில் கரையவிட்டு வெளிவரும் மருந்தை அளக்கும் சோதனை) நடக்கும்போது 2 மணி நேரத்தில் ஒரு மாத்திரையை வெளியே எடுத்து பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓரத்தில் கண்ணாடி போன்ற கூழ் வளையம், நடுவில் காய்ந்த வெள்ளைக் கரு. நேரம் போகப் போக வளையம் உள்நோக்கித் தடிக்கும், கரு சுருங்கும். மருந்து கரைந்து அந்தக் கூழ் வழியாக ஊடுருவி வெளியே வருகிறது. கூழின் மேற்புறமும் மெல்லக் கரைந்து உதிர்கிறது. இந்த இரண்டில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்துத்தான் மருந்து வெளிவரும் வேகம் அமையும்.

அப்போ எந்தப் பிசின் போட்டாலும் சரிதானா? கருவேலம் பிசின் வீட்டுப் பக்கத்துலயே கிடைக்குது.

கருவேலம் பிசின் உதவாது. அது நீரில் முழுதாகக் கரைந்துவிடும், 30 சதவீதக் கரைசல்கூட ஊற்றும் பதத்தில்தான் இருக்கும். கெட்டியான கூழ் வளையம் உருவாகாது. அது நல்ல பைண்டர் (துகள்களை ஒட்டவைக்கும் பொருள்), அவ்வளவுதான்.

நமக்கு வேண்டியது குறைந்த அளவிலேயே அதிக பிசுபிசுப்பு தருவது: கொத்தவரை, புளியங்கொட்டை, வெந்தயம், கராயா, கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட். நல்ல கொத்தவரைப் பிசினின் 1 சதவீதக் கரைசலே சில ஆயிரம் சென்டிபாய்ஸ் (பிசுபிசுப்பின் அலகு) காட்டும். சாந்தன் கம்மையும் பலர் தாவரப் பட்டியலில் எழுதிவிடுகிறார்கள். அது சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா தயாரிப்பது. இயற்கையானதுதான், ஆனால் தாவரம் அல்ல.

கொத்தவரை, வெந்தயம் ரெண்டுமே ஒரே வகைப் பிசின்தானே? ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணு போடலாமா?

குடும்பம் ஒன்று, குணம் வேறு. இரண்டுமே மானோஸ் சர்க்கரைத் தண்டில் காலக்டோஸ் கிளைகள் தொங்கும் காலக்டோமானன்கள். கொத்தவரையில் இரண்டு மானோஸுக்கு ஒரு காலக்டோஸ், வெந்தயத்தில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று, லோகஸ்ட் பீன் கம்மில் நான்குக்கு ஒன்று. கிளை நெருக்கமாக இருந்தால் குளிர்ந்த நீரிலேயே கரையும். கிளை குறைந்தால் தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சூடாக்கினால்தான் முழுதாகக் கரையும். ஆகவே அதே மில்லிகிராமை மாற்றிப் போட்டால் அதே வெளியீடு வராது. ஒவ்வொன்றுக்கும் அளவைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

புளியங்கொட்டையிலேருந்து பிசினை எப்படிப் பிரிச்செடுக்கறது?

முதலில் தோல். சூடான மணலில் வறுத்து இடித்தால் சிவப்புத் தோல் கழன்றுவிடும். தோலைத் துளியும் விடக் கூடாது, அதில் டானின் இருக்கிறது. பிசின் பழுப்பாக வருவதற்கு முதல் காரணம் அதுதான். வெள்ளைப் பருப்பை அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

20 கிராம் மாவை 200 மி.லி. குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 800 மி.லி. நீரில் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். நீர்க்குளியலில் வைத்து 20 நிமிடம் கிளறுங்கள். இரவு முழுக்க அசையாமல் வைத்தால் புரதமும் நாரும் அடியில் தங்கும். மேல்தெளிவை எடுத்து நிமிடத்துக்கு 5000 சுற்றில் 20 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ் செய்யுங்கள். தெளிவைப் போல இரண்டு மடங்கு எத்தனாலில் அதைக் கிளறிக்கொண்டே ஊற்றினால் பிசின் நூல் நூலாகத் திரண்டு வரும். மஸ்லின் துணியில் பிழிந்து, எத்தனாலில் ஒரு முறை கழுவி, 50 டிகிரியில் காயவைத்து, அரைத்து, 100 எண் சல்லடையில் சலித்து டெசிகேட்டரில் வையுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. மாவை நேராகக் கொதிநீரில் போட்டால் மேலே சொன்ன கேழ்வரகுக் கட்டிதான். இரவு தெளியவிடாமல் அவசரப்பட்டால் புரதம் பிசினோடு வந்து, சேமிப்பில் நாறும். 60 டிகிரிக்கு மேல் காயவைத்தால் நிறம் மாறும், பிசுபிசுப்பும் குறையும்.

எத்தனால் செலவு தாங்கல. பிரிச்செடுக்காம மாவையே போட்டா என்ன?

நூல் ஆலைகளில் பாவுக்குக் கஞ்சி போட அந்த மாவையேதான் பயன்படுத்துகிறார்கள், அங்கே அது போதும். மாத்திரைக்குப் போதாது. பருப்பு மாவில் புரதமே 15 முதல் 20 சதவீதம், எண்ணெய் 6, 7 சதவீதம். எண்ணெய் காறும், புரதம் கிருமிக்குத் தீனி, இரண்டும் சேர்ந்து கூழைப் பலவீனமாக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பேட்ச் போடுங்கள், அதை முடிவாக எழுதாதீர்கள்.

ஒரு மாத்திரைக்கு எவ்வளவு பிசின்? ஒரு ஃபார்முலா சொல்லுங்களேன்.

இது தொடங்குவதற்கான கணக்கு. 350 மி.கி. மாத்திரைக்கு டைக்ளோஃபினாக் சோடியம் 100, புளியங்கொட்டைப் பிசின் 120, மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் 105.5, பி.வி.பி. கே-30 (பைண்டர்) 14, டால்க் 7, மெக்னீசியம் ஸ்டியரேட் 3.5 மி.கி. பிசின் இங்கே சுமார் 34 சதவீதம். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் கூழ் வளையம் தொடர்ச்சியாக அமையாமல் ஓட்டை விழும் வாய்ப்பு அதிகம்.

அடுத்து 80, 160 மி.கி. பிசினில் இரண்டு பேட்ச் போடுங்கள். செல்லுலோஸை 145.5, 65.5 என்று மாற்றி மாத்திரையின் எடையை 350-லேயே வைத்திருங்கள். எடையும் அளவும் மாறினால் மாற்றம் பிசினால் வந்ததா, மாத்திரை பெரிதானதால் வந்ததா என்று சொல்ல முடியாமல் போகும். செல்லுலோஸுக்குப் பதில் லாக்டோஸ் போட்டால் அது கரைந்து துளை விடும், வெளியீடு வேகமாகும். வேண்டுமென்றே வேகம் கூட்ட அது ஒரு வழி.

கிரானுலேஷன் (மாவை ஈரமாக்கிக் குருணையாக்குறது) பண்ணும்போது மாவு பசை மாதிரி ஆயிடுது. சல்லடையில் தள்ளவே முடியல.

நீர் ஊற்றியிருப்பீர்கள். நீர் பட்ட இடத்தில் பிசின் உடனே உப்பி ஒட்டும். காய்ந்த பிறகு கல் போல இறுகும். பி.வி.பி.யை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, கைப்பிடியில் உருண்டையாக நின்று விரலால் தொட்டால் உதிரும் பதம் வரும்வரை மட்டும் சேருங்கள். 16 எண் சல்லடையில் தள்ளி, 50 டிகிரியில் ஈரம் 2, 3 சதவீதம் ஆகும்வரை உலர்த்தி, 20 எண் சல்லடையில் மறுபடி சலியுங்கள். ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும், ஓவனில் வைக்கும் முன் தட்டைக் காற்றோட்டமான இடத்தில் சற்று நேரம் விரித்து வையுங்கள்.

மெக்னீசியம் ஸ்டியரேட்டைக் கடைசியில், 2, 3 நிமிடம் மட்டும் கலக்குங்கள். அதிகம் கலந்தால் அது துகள்களின் மேல் மெழுகு போலப் பூசிக்கொள்ளும், மாத்திரை கடினமாகாது. கடினத்தன்மை சதுர செ.மீ.க்கு 6 முதல் 8 கிலோ, உதிர்வு 100 சுற்றில் 1 சதவீதத்துக்குள் இருந்தால் சரி.

முதல் ஒரு மணி நேரத்துலேயே 40 சதவீதம் மருந்து வெளியே வந்துடுது. பிசின் பத்தலையா?

பிசின் அளவைக் கூட்டுவதற்கு முன் துகளின் அளவைப் பாருங்கள். பருத்த பிசின் துகள் நீரை மெதுவாகத்தான் இழுக்கும். அது உப்பிக் கூடுவதற்குள் மேற்பரப்பில் இருக்கும் மருந்து கரைந்து போய்விடும், மாத்திரையே பிளந்தும் போகலாம். 150 மைக்ரானுக்குக் கீழே அரைத்துவிட்டால் பல நேரம் இதே அளவிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

இசப்கோல் உமியில் இந்தத் தொந்தரவு இன்னும் அதிகம். தரமான உமி ஒரு கிராம் நீரில் உப்பி 40 மி.லி.யாவது ஆக வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துத் தர நூல் கேட்கிறது. அந்த வேகத்தில் உப்பினால் மாத்திரை கூழாகாமல் வெடித்துச் சிதறும். அதனால்தான் இதையே சிலர் மாத்திரையை உடைக்கும் பொருளாகவும் சேர்க்கிறார்கள். ஒரே பொருள் உடைக்கவும் செய்யும், தாமதப்படுத்தவும் செய்யும். எது நடக்கும் என்பதை அளவும் துகளும்தான் முடிவு செய்கின்றன.

அமிலத்துல 2 மணி நேரமும் மருந்தே வரல. எங்க பிசின் வயித்தைப் பாதுகாக்குதுன்னு எழுதலாமா?

எழுதக் கூடாது. இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இது. டைக்ளோஃபினாக் ஓர் அமில மருந்து, 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது ஏறத்தாழ கரையாது. பிசினே இல்லாத மாத்திரையைப் போட்டாலும் அங்கே அதே முடிவுதான் வரும். பிசின் செய்ததாக எதையும் சொல்வதற்கு முன் பிசின் இல்லாத பேட்ச் ஒன்றை அதே நிலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். அது இல்லாத ஆய்வை நம்பவே வேண்டாம்.

டிசொல்யூஷன்ல ஆறு மாத்திரையும் ஆறு விதமா வருது. மெஷின் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. உப்பிய மாத்திரை பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டால் ஒரு பக்கம் நீரே படாது. ஒன்று ஒட்டும், ஒன்று ஒட்டாது, அதனால் முடிவு சிதறும். மாத்திரையை அடியில் ஒட்டாமல் தாங்கும் சிங்கர் (sinker) கம்பிச் சுருளில் வைத்துப் போடுங்கள், அல்லது கூடை முறைக்கு மாறுங்கள். கூடையில் கூழ் வலைக்கண்ணை அடைக்கிறதா என்றும் கவனியுங்கள்.

அமிலத்திலிருந்து பஃபருக்கு மாற்ற மாத்திரையை இடுக்கியால் எடுத்து வைப்பவர்கள் அந்தக் கூழ் வளையத்தையே பிய்த்துவிடுகிறார்கள். 750 மி.லி. 0.1 நார்மல் அமிலத்தில் 2 மணி நேரம் ஓட்டி, அதிலேயே 37 டிகிரிக்குச் சூடாக்கிய 250 மி.லி. 0.2 மோலார் டிரைசோடியம் பாஸ்ஃபேட் கரைசலைச் சேர்த்து பி.எச். 6.8 ஆக்குங்கள். மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, கரைந்த பிசின் கரைசலைக் கலங்கவைக்கும். மருந்தின் அளவை ஒளி உறிஞ்சுதலால் அளக்கும் யு.வி. கருவியில் கலங்கலும் மருந்து போலவே அளவு காட்டும். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, மருந்தில்லாத பிசின் மாத்திரையின் கரைசலைப் பிளாங்க்காக (ஒப்பீட்டுப் பூஜ்யமாக) வையுங்கள். 104 சதவீதம் வெளியீடு என்று வரும் விசித்திரம் பெரும்பாலும் இங்கிருந்துதான்.

மருந்து வெளிவரும் விதத்தைக் காட்டுற கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் சமன்பாட்டுல அடுக்கெண் (n) 0.6 வந்திருக்கு. 0.5-ஐத் தாண்டிட்டதால அனாமலஸ்னு எழுதிட்டேன். சரியா?

முடிவு சரி, காரணம் தவறு. 0.5 என்பது தட்டையான படலத்துக்கான எல்லை. மாத்திரை உருளை வடிவம், அதற்கு 0.45-உம் 0.89-உம்தான் எல்லைகள். 0.6 இடையில் விழுவதால் ஊடுருவலும் கூழ் தளர்வும் சேர்ந்து நடக்கின்றன என்று பொருள். 0.47 வந்திருந்தால் உங்கள் கணக்கு தவறான பெட்டியில் விழுந்திருக்கும்.

இந்தச் சமன்பாடு முதல் 60 சதவீத வெளியீட்டுக்கு மட்டுமே பொருந்தும். 12 மணி நேரப் புள்ளிகளையெல்லாம் எக்செல்லில் போட்டு ஆர் ஸ்கொயர் 0.99 என்று மகிழ்வதில் பொருளில்லை. 60 சதவீதத்துக்குள் நாலைந்து புள்ளியாவது வேண்டும். அதற்கு ஆரம்பத்தில் அடிக்கடி சாம்பிள் எடுக்க வேண்டும்.

போன பேட்ச் பிரமாதமா வந்துச்சு. புதுசா வாங்கின பிசின்ல அதே ஃபார்முலா சொதப்பிடுச்சு. ஏன்?

தாவரப் பிசினின் உண்மையான சிக்கல் இதுதான். மண், மழை, அறுவடைக் காலம், அரைத்த விதம், கிடங்கின் ஈரம் எல்லாமே பிசுபிசுப்பை மாற்றும். கொத்தவரை பெரும்பாலும் ராஜஸ்தானின் மானாவாரி நிலத்தில் விளைவது. சந்தையும் நிலையாக இராது. அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் தொழில் கொத்தவரைப் பிசினை வாரிக்கொண்டதில் 2012-இல் விலை தாறுமாறாக ஏறி, மார்ச்சில் அதன் முன்பேர வணிகமே நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் கிடைத்ததை வாங்கிப் போடுகிறவர்களின் தரம் ஆடும்.

வந்த ஒவ்வொரு மூட்டைக்கும் 1 சதவீதக் கரைசல் செய்து, 25 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, எப்போதும் ஒரே ஸ்பிண்டில், ஒரே வேகத்தில் புரூக்ஃபீல்ட் பிசுபிசுப்புமானியில் அளந்து எழுதி வையுங்கள். புளியங்கொட்டைப் பிசினை மட்டும் சூடாக்கிக் கரைத்து ஆறவைத்து அளக்க வேண்டும், குளிர்நீரில் அது வெறுமனே உப்பும். புரூக்ஃபீல்ட் இல்லாத கல்லூரியில் 0.1 சதவீதக் கரைசலை ஆஸ்ட்வால்டு விஸ்காமீட்டரில் விட்டு நேரம் பார்த்தாலும் மூட்டைக்கு மூட்டை உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

நாட்டு மருந்துக் கடையில விக்கிற பாதாம் பிசின் நல்லா உப்புதே. அதை வச்சு புராஜெக்ட் பண்ணலாமா?

உப்புவது உண்மை. ஆனால் அந்தப் பெயரில் வேறு மரங்களின் பிசினும் விற்கப்படுகிறது. எந்த மரம் என்று தெரியாத பொருளை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது. மரத்தைத் தாவரவியல் துறையில் அடையாளம் காட்டி, நீங்களே சேகரித்தால் செய்யுங்கள்.

இயற்கைதானே, பக்கவிளைவு இருக்காதில்ல?

இருக்கும். கால்-பான் 3000 என்ற உடல் மெலிவு மாத்திரையில் இருந்தது கொத்தவரைப் பிசின்தான். அது தொண்டையிலும் உணவுக்குழாயிலும் உப்பி அடைத்ததால் 1990-இல் அமெரிக்க அரசு அதன் விற்பனையை நிறுத்தியது. பிசின் மாத்திரையை ஒரு வாய் நீரில் விழுங்கிவிட்டு உடனே படுப்பது ஆபத்து. முழு டம்ளர் நீர் வேண்டும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

2007-இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பா சென்ற கொத்தவரைப் பிசினில் பென்டாகுளோரோஃபீனாலும் டையாக்சினும் கண்டுபிடிக்கப்பட்டன. செடியில் இல்லாத நஞ்சு அது, வழியில் சேர்ந்தது. கிருமியும் அப்படித்தான்: மொத்த பாக்டீரியா கிராமுக்கு 1000, பூஞ்சை 100 என்ற எல்லைக்குள் இருக்கிறதா, ஈ. கோலை இல்லையா என்று பார்க்காமல் மாத்திரை அடிக்காதீர்கள். இந்தத் தூசி ஆஸ்துமாவையும் கொண்டுவரும். சலிக்கும்போது மாஸ்க் கட்டாயம்.

பிசின் மருந்தோட வினை புரியுமா?

சில இணைகள் புரியும். கருவேலம் பிசினில் ஆக்சிடேஸ் நொதி உண்டு, ஆக்சிஜனால் கெடும் மருந்தை அது கெடுக்கும். கராயா சேமிப்பில் அசிட்டிக் அமிலத்தை விடும், புட்டியைத் திறந்தாலே வினிகர் வாடை வரும். ஆல்ஜினேட் எதிர்மின் ஏற்றமுள்ளது, கார மருந்துகளைப் பிடித்துக்கொள்ளும். வயிற்று அமிலத்தில் அதுவே கரையாத ஆல்ஜினிக் அமிலமாகி விரிசல் விடும். கொத்தவரையும் புளியங்கொட்டையும் ஏற்றமற்றவை என்பதால் இந்த வம்பு குறைவு. எங்கள் பரிந்துரை எப்போதும் இவற்றில் தொடங்குங்கள் என்பதே.

எஸ்.ஆர். மாத்திரையைப் பாதியா உடைச்சு சாப்பிடலாமா? சாயங்காலம் கொஞ்சம் குடிச்சா பிரச்சினையா?

நசுக்கவோ மெல்லவோ கூடவே கூடாது. நாள் முழுதுக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். நடுவே கோடு போட்டு, உடைக்கலாம் என்று உறையில் சொல்லியிருந்தால் மட்டும் பாதியாக்கலாம். அப்போதும் வெட்டுப்பட்ட முகம் புதிதாகத் திறப்பதால் வேகம் சற்றுக் கூடும்.

மது ஆபத்து. பாலடோன் என்ற ஹைட்ரோமார்போன் காப்சூல் மதுவோடு சேர்ந்தால் மருந்தை ஒரேயடியாகக் கொட்டியதால் 2005-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதில் இருந்தது தாவரப் பிசின் அல்ல. கொத்தவரைப் பிசின் ஆல்கஹாலில் கரையாது என்பதை வைத்து நமக்குக் கவலையில்லை என்று முடிவுகட்டவும் கூடாது. ஆல்கஹால் கலந்த நீரில் அது சரியாக உப்பாமல் போகலாம். 5, 20, 40 சதவீத எத்தனால் கலந்த அமிலத்தில் 2 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

ஆலையில செய்யற எச்.பி.எம்.சி. (ஹைட்ராக்ஸிபுரொப்பைல் மெத்தில்செல்லுலோஸ்) இருக்கும்போது எதுக்கு இந்தப் பாடு?

நியாயமான கேள்வி. எச்.பி.எம்.சி.யும் தாவர செல்லுலோஸிலிருந்து வருவதுதான். ஆனால் கே4எம், கே100எம் என்று பிசுபிசுப்பை ஆலையிலேயே வகுத்துத் தருகிறார்கள். அந்த ஒழுங்கு பிசினுக்கு இன்னும் வரவில்லை. நம் ஊரில் மலிவாக விளைவது, பெருங்குடல் பாக்டீரியா உடைக்கக்கூடியது என்பதால் அங்கே மருந்தை விட உதவுவது, இவை பிசினின் பலம். உங்கள் பேட்ச் எச்.பி.எம்.சி. பேட்சோடு எஃப்2 (இரண்டு வெளியீட்டு வரைகோடுகளின் ஒற்றுமை எண்) 50-க்கு மேல் ஒத்துப்போகிறது என்று மூன்று வெவ்வேறு மூட்டைப் பிசினில் காட்டினால் அந்த வேலைக்கு மதிப்பு உண்டு. ஒரே மூட்டையில் காட்டினால் இல்லை.

டைக்ளோஃபினாக்குக்கு ஏற்கெனவே அனுமதி இருக்கு, பிசின் சாப்பாட்டுப் பொருள். அப்போ நேரா தயாரிச்சு விக்கலாமில்ல?

முடியாது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, அனுமதி பெற்ற மருந்தாக இருந்தாலும் அதன் நீடித்து வெளிவிடும் வடிவம் புதிய மருந்தாகவே கருதப்படும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பில் தனியாக அனுமதி பெற வேண்டும்.

பிசின் பக்கமும் பாருங்கள். கொத்தவரை, கருவேலம், ஆல்ஜினேட் போன்றவற்றுக்கு மருந்து நூல்களில் தர வரையறை உண்டு. வெண்டைக்காய்க் கோழைக்கும் செம்பருத்தி இலைக் கோழைக்கும் அப்படி ஒரு பக்கம் கிடையாது. அவற்றில் போனால் அடையாளம், தூய்மை, நச்சுத்தன்மை எல்லாவற்றையும் நீங்களே நிறுவ வேண்டியிருக்கும். விற்பனை வரை போகும் எண்ணம் இருந்தால் பிசினைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இதை முடிவு செய்துகொள்ளுங்கள். 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் 6 மாதச் சேமிப்புச் சோதனையையும் அலு-அலு (இருபுறமும் அலுமினியத் தகடுள்ள) பட்டையில் போட்டே தொடங்குங்கள். திறந்து வைத்த பிசின் மாத்திரை ஈரத்தை இழுத்து இளகினால், தவறு ஃபார்முலாவிலா பொதியிலா என்று பிரித்தறிய முடியாது.